ஒட்டுக்கேட்பவரைக் கேட்பது யார்?

“கேட்டா கேட்டுட்டுப் போறான் சார். நாம என்ன அணுகுண்டு ரகசியமா பேசறோம்?”

உளவு, ஒட்டுக்கேட்பு என்று பேச்சை எடுத்தால் என் வயதுக்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்கிற பதில் இது. பேத்திக்குப் பல் முளைத்ததா, அங்கே பனி கொட்டுகிறதா, மாப்பிள்ளைக்கு வேலை நிலைக்குமா, இதைத்தானே ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம், அதைக் கேட்டு அமெரிக்கக்காரன் என்ன செய்துவிடப் போகிறான் என்கிறார்கள். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் தந்தி ஆபீசில் அடுத்தவர் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பதிலுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியை முடித்துவிட்டு உட்காருங்கள்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் என்று ஒன்று 1978 முதல் இருக்கிறது. அதில் 2008ல் 702 என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும், அமெரிக்கர் அல்லாத எவரையும், அயல்நாட்டு உளவுத் தகவல் கிடைக்கும் என்று தோன்றினால், தனித்தனி வாரண்ட் இல்லாமலே கண்காணிக்கலாம் என்பது அந்தப் பிரிவு. கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் கேட்டதை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். நீதிமன்றம் ஒன்று உண்டு. ஆனால் அது ஒவ்வொரு பெயரையும் பார்த்து அனுமதி தருவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, இன்ன வகைத் தகவலுக்காக, இன்ன நடைமுறைப்படி செய்வோம் என்று அரசு கொண்டுவரும் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரும். பெயர்களை உளவுத்துறை அதிகாரியே முடிவு செய்துகொள்வார்.

அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும், அமெரிக்கர் அல்லாதவர் யார்? நீங்களும் நானும்தான். பயந்துவிடாதீர்கள், உங்கள் மெயிலை யாரோ இப்போது படிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களைப் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் நாம் வாரண்ட் தேவைப்படாத ஜாதி. அங்கே குடியுரிமை வாங்கிவிட்ட நம் பிள்ளைகள் வாரண்ட் தேவைப்படும் ஜாதி. ஒரே குடும்பம், இரண்டு தட்டு. இதில் வேடிக்கை, மேல்தட்டில் இருக்கும் பிள்ளை கீழ்த்தட்டில் இருக்கும் ஒருவரோடு பேசினால், அந்த ஒருவர் கண்காணிப்பில் இருந்தால், பிள்ளையின் பேச்சும் சேர்ந்தே வலையில் விழும். விழுந்ததைப் பிறகு அமெரிக்கக் காவல் அமைப்பான எஃப்.பி.ஐ. வாரண்ட் இல்லாமலே பெயர் போட்டுத் தேடலாம். அங்கே வருஷக்கணக்காக நடக்கும் சண்டை இந்த இடத்தைப் பற்றியதுதான்.

வெளிநாட்டில் இப்படிக் குறிவைக்கப்பட்டவர்கள் 2013ல் சுமார் 89,000 பேர். 2023ல் 2,68,590 பேர். அவர்களே வெளியிட்ட கணக்கு. பயங்கரவாதிகள் பத்து வருஷத்தில் மூன்று மடங்கு ஆகிவிட்டார்களா? அயல்நாட்டு உளவுத் தகவல் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் அவ்வளவு அகலம். குண்டு, போர் மட்டுமல்ல, அமெரிக்காவின் வெளியுறவு நடவடிக்கைக்கு உதவும் செய்தியும் அதற்குள் வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமைத் தந்தியாளர் ஒருவர் இருந்தார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. முதல் நாளே என்னிடம் சொன்னது: “தம்பி, கை படிக்கட்டும், மனசு படிக்கக் கூடாது.” ஊரில் யார் செத்தார்கள், யாருக்குக் குழந்தை, எந்த வழக்கு தோற்றது, எந்த மண்டியில் என்ன விலை, எல்லாம் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். “ஸ்டார்ட் இம்மீடியட்லி” என்று வந்தால் வாங்குகிறவர் வீட்டில் அழுகை தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே எங்களுக்குத் தெரியும். வெளியே ஒரு வார்த்தை போகாது. 1885ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தில், செய்தியை வெளியே சொல்லும் ஊழியருக்குச் சிறை உண்டு. ஊரில் ஒரு மண்டி முதலாளி, எதிராளிக்கு வெளியூரிலிருந்து என்ன தந்தி வந்தது என்று கேட்டு, பழக்கூடையோடு வந்து நின்றார். எங்கள் பெரியவர் கூடையைக் கையால்கூடத் தொடவில்லை. “பேப்பர் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். அரசாங்கமே ஒரு செய்தியை நிறுத்தவோ பார்க்கவோ வேண்டும் என்றாலும் அதே சட்டத்தின் 5வது பிரிவுப்படி காரணம் சொல்லி எழுத்தில் உத்தரவு வேண்டும். அந்தப் பேப்பர்தான் என் வாதத்தின் ஆணிவேர். பேப்பரில் யாருடைய செய்தி, எதற்கு, கேட்டவர் யார், சம்மதித்தவர் யார் என்று இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

இப்போது அமெரிக்காவில் எங்கள் தொழிலில் நடந்ததைக் கேளுங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 ஆகஸ்டில், போர்க்காலத் தணிக்கை தீர்ந்துபோனது. ஆனால் ராணுவத்துக்கு அந்தச் சுகம் விடவில்லை. ஆர்.சி.ஏ., ஐ.டி.டி., வெஸ்டர்ன் யூனியன் ஆகிய மூன்று தந்திக் கம்பெனிகளையும் அணுகி, வெளிநாடு போகும், வெளிநாட்டிலிருந்து வரும் தந்திகளின் நகலைத் தந்துகொண்டே இருங்கள் என்றார்கள். கம்பெனி வக்கீல்களுக்கு உதறல். இது சட்டப்படி குற்றம் ஆயிற்றே என்றார்கள். 1947ல் பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, நாட்டு நலனுக்குத்தான், வழக்கு வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று வாய்வார்த்தையில் உறுதி கொடுத்தார். அவ்வளவுதான். ‘ஷாம்ராக்’ என்று பெயரிட்ட அந்த ஏற்பாடு 1975 மே வரை, முப்பது வருஷம் ஓடியது. முதலில் காகித நகல், மைக்ரோஃபிலிம், பிறகு காந்த நாடா. உச்சத்தில் மாதம் ஒன்றரை லட்சம் செய்திகளை என்.எஸ்.ஏ. என்ற உளவு அமைப்பின் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். வாரண்ட் கிடையாது. எங்கள் பெரியவர் கேட்ட பேப்பர் ஒன்றுகூடக் கிடையாது.

அங்கும் என்னைப் போல ஒருவன் கருவி முன்னால் உட்கார்ந்திருப்பான். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று மகன் அடித்த தந்தியை அனுப்பிவிட்டு, அதன் நகல் சாயங்காலம் வேறு ஆள் கையில் போவது தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

இதை வெளியே கொண்டுவந்தது நீதிமன்றம் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்தான். 1975 ஜனவரியில் ஐடஹோ மாநில உறுப்பினர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். உளவு அமைப்புகளின் தலைவர்களைக் கூப்பிட்டு, பொதுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். என்.எஸ்.ஏ.யின் தலைவர் ஒருவர் பகிரங்கமாக வந்து பதில் சொன்னது அதுதான் முதல் முறை. தந்தி விவகாரத்தை வெளியிடாதீர்கள் என்று வெள்ளை மாளிகை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. சர்ச் கேட்கவில்லை. இதோடு சேர்ந்து ‘மினரெட்’ என்று இன்னொன்றும் வெளியே வந்தது. வியட்நாம் போரை எதிர்த்தவர்கள், கறுப்பின உரிமைத் தலைவர்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டு அவர்களது வெளிநாட்டுத் தொடர்புகளைக் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் யார் யார் என்று ரொம்ப நாள் மூடியே வைத்திருந்தார்கள். 2013ல்தான் சில பெயர்கள் வெளியாயின. மார்ட்டின் லூதர் கிங், குத்துச்சண்டை வீரர் முகமது அலி... கூடவே செனட்டர் ஃபிராங்க் சர்ச். விசாரித்தவரே விசாரிக்கப்பட்ட பட்டியலில்! அது தெரியவரும்போது அவர் இறந்து இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் குழுவின் விளைவுதான் இரு அவைகளிலும் நிரந்தர உளவுக் குழுக்களும், 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட இந்தச் சட்டமும். ஆகவே இந்தச் சட்டம் பிறந்தது வேவு பார்ப்பதற்கு வசதி செய்வதற்காக அல்ல, வேவு பார்ப்பவனைக் கட்டிவைப்பதற்காக. கயிறு திரிக்கத் தொடங்கியவர்கள் நல்லவர்கள்தான். அதை யார் யார் எப்படித் தளர்த்தினார்கள் என்பதுதான் பாக்கிக் கதை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு புஷ் நிர்வாகம் இந்த நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போய் ரகசியமாக ஒட்டுக்கேட்கத் தொடங்கியது. நாடாளுமன்றத்துக்குச் சொன்னோம் என்றார்கள். எப்படிச் சொன்னார்கள்? சில தலைவர்களை மட்டும் மூடிய அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அதில் ஒருவர் ஜே ராக்ஃபெல்லர், செனட் உளவுக் குழுவின் துணைத் தலைவர். கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே, 2003 ஜூலை 17, துணை அதிபர் டிக் சேனிக்கு ஒரு கடிதம் எழுதினார். கையால் எழுதினார், ஏனென்றால் தட்டச்சு செய்யச் சொல்ல ஓர் உதவியாளரிடம்கூட விஷயத்தைச் சொல்லக் கூடாது. நான் தொழில்நுட்பம் தெரிந்தவனும் இல்லை, வக்கீலும் இல்லை, யாரையும் கலந்து பேசவும் அனுமதி இல்லை, இந்த நிலையில் இதை என்னால் எடைபோட முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை என்பது அதன் சாரம். ஒரு நகலை உறையில் போட்டு முத்திரை வைத்துக் குழுவின் பாதுகாப்பு அறையில் வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து, 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விஷயத்தை உடைத்த பிறகுதான் அந்தக் கடிதமும் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்தப் பெரிய மனிதரை நான் குறை சொல்லவில்லை. எழுதவாவது எழுதினாரே. ஆனால் யோசியுங்கள். கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பும் அவையின் மூத்த உறுப்பினர் ஒருவர், சட்டவிரோதம் என்று தனக்குச் சந்தேகம் தோன்றும் ஒன்றைத் தன் வக்கீலிடமும் சொல்ல முடியாது, சக உறுப்பினரிடமும் சொல்ல முடியாது, மக்களிடமும் சொல்ல முடியாது. உறையில் போட்டு ஒட்டி வைக்கலாம், அவ்வளவுதான். இதற்குப் பெயர் மேற்பார்வை என்றால், எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கிய நின்றுபோன கடிகாரத்துக்குப் பெயரும் கடிகாரம்தான்.

இன்னொரு உதாரணம். 2013 மார்ச் 12. செனட்டர் ரான் வைடன், உளவுத் துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரைப் பகிரங்க விசாரணையில் கேட்கிறார்: கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது ஒரு வகைத் தகவலையாவது என்.எஸ்.ஏ. திரட்டுகிறதா? கேள்வியை முந்தின நாளே அனுப்பியும் வைத்திருந்தார். கிளாப்பர், இல்லை, தெரிந்து செய்வதில்லை என்றார். மூன்றே மாதம். எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த முதல் ஆவணம் வெளியானது. வெரைசான் கம்பெனி தன் வாடிக்கையாளர் அத்தனை பேரின் தொலைபேசி அழைப்பு விவரங்களையும் தினமும் ஒப்படைக்க வேண்டும் என்ற அந்த ரகசிய நீதிமன்றத்தின் உத்தரவு. கிளாப்பர் தன் பதில் தவறு என்று கடிதம் எழுதினார். வேலை போகவில்லை, வழக்கும் இல்லை. இதில் என்னை உறுத்துவது பொய்கூட அல்ல. வைடனுக்கு உண்மை முன்பே தெரியும்! ரகசியக் காப்பு விதியால் வாய் கட்டப்பட்டு, எதிரே ஒருவர் உண்மையல்லாததைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். (அந்த வருஷம் ஜூலை 15ல்தான் நம் ஊரில் தந்திச் சேவையை மூடினார்கள். ஒரே கோடைக்காலத்தில் இரண்டு செய்தி எனக்கு.)

நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பதினோரு நீதிபதிகள், தலைமை நீதிபதி ஒருவரே பொறுக்கி எடுப்பவர்கள், கதவை மூடிக்கொண்டு நடக்கும், பெரும்பாலும் அரசு வக்கீல் மட்டும்தான் பேசுவார். 1979லிருந்து 2012 வரை அங்கே போன கண்காணிப்பு மனுக்கள் சுமார் 33,900. அடியோடு நிராகரிக்கப்பட்டவை 11. சிலவற்றைத் திருத்தச் சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் இல்லாத கோர்ட்டில் யார்தான் தோற்பார்கள்?

சரி, 702ல் விழுந்த பேச்சில் எஃப்.பி.ஐ. தேடுகிறது என்றேனே, என்ன தேடியது? 2023 மே மாதம் வெளியிடப்பட்ட அந்த நீதிமன்றத்தின் உத்தரவு ஒன்றில் பட்டியல் இருக்கிறது. விதியை மீறிய தேடல்கள் 2,78,000க்கு மேல். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைக் கண்டித்து ஊர்வலம் போய்க் கைதானவர்கள். தலைநகரக் கட்டடத்துக்குள் 2021 ஜனவரி 6ல் புகுந்த கூட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள். ஒரு தேர்தல் வேட்பாளருக்கு நன்கொடை கொடுத்த 19,000 பேர். இடதும் வலதும் பாகுபாடே இல்லை, அந்த ஒரு விஷயத்தில் சமத்துவம்தான். இன்னொரு உத்தரவில், போலீஸ் அதிகாரி ஒருவர் மேல் மனித உரிமைப் புகார் சொன்ன நீதிபதியின் பெயரையும் தேடியிருப்பது தெரிந்தது. வெளிநாட்டுப் பயங்கரவாதிக்காக விரித்த வலை இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்கக் கேட்க என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 2021ல் 34 லட்சம் வரை இருந்த அமெரிக்கர் மீதான தேடல்கள் 2023ல் சுமார் 57,000 ஆகக் குறைந்தன. கணக்கிடும் முறையை மாற்றியதும் அதில் ஒரு பங்கு. ஆனால் பெரும் பங்கு, யாரோ பார்க்கிறார்கள் என்ற பயம். தேடாமல் விட்ட அத்தனை லட்சத்தால் அமெரிக்கா இடிந்து விழுந்துவிட்டதா?

ஆகவேதான் 2024 ஏப்ரலில் சட்டத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, அமெரிக்கரின் பேச்சைத் தேடுவதற்கு முன் வாரண்ட் வாங்கு என்று ஒரு திருத்தம் வந்தது. ஏப்ரல் 12 அன்று கீழவையில் ஓட்டெடுப்பு. ஆதரவு 212, எதிர்ப்பு 212. சரிபாதி என்றால் திருத்தம் தோற்றதாகக் கணக்கு. ஒரே ஒரு ஓட்டு! இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு பக்கமும் கலந்து நின்றார்கள். எதிர்த்து ஓட்டுப்போட்டவர்களில் அவைத் தலைவர் மைக் ஜான்சனும் ஒருவர். சாதாரண உறுப்பினராக இருந்தபோது இந்த அத்துமீறல்களைக் கண்டு கோபப்பட்டதாகவும், தலைவரான பிறகு ரகசிய அறையில் கொடுத்த விளக்கத்தைக் கேட்டு வேறு கோணம் தெரிந்ததாகவும் அவரே சொன்னார். அந்த அறையில் என்ன சொன்னார்கள் என்பதை ஓட்டுப்போட்ட மக்கள் கேட்க முடியாது. ராக்ஃபெல்லர் உள்ளே போய் ஊமையாகி வந்தார், இவர் உள்ளே போய் மனம் மாறி வந்தார். நமக்குத் தெரிவது கதவு மட்டும்தான்.

இதற்கு நடுவில் உறுப்பினர்கள் தங்களுக்கு ஒன்று செய்துகொண்டார்கள். அதே 2024 சட்டத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரை எஃப்.பி.ஐ. தேடினால் அவைத் தலைவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி. அதற்கு முந்தின வருஷம் டேரின் லஹூட் என்ற உறுப்பினர், முறைகேடாகத் தேடப்பட்டவர்களில் தானும் ஒருவர் என்று கீழவை உளவுக் குழுவின் விசாரணையில் சொல்லியிருந்தார். தன் கால் சுட்டதும் செருப்புத் தைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வெறுங்காலோடு நடக்கட்டும்.

இப்போது எதிர்த்தரப்பு. நான் ஒன்றும் உளவே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. மும்பையில் 2008 நவம்பரில் நடந்ததை மூன்று நாள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவன். உளவு இருந்திருந்தால் தடுத்திருக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் பின்னால் வந்த செய்தி என்ன? தாக்குதலின் தொழில்நுட்பப் பொறுப்பாளன் ஸரார் ஷாவின் கணினி நடவடிக்கைகளைப் பிரிட்டிஷ் உளவு அமைப்பும், நம் அமைப்பு ஒன்றும், தாக்குதலுக்கு முன்பே கண்காணித்துக்கொண்டிருந்தன என்று 2014 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஆதாரத்தோடு எழுதியது. இடம் பார்த்துக் கொடுத்த டேவிட் ஹெட்லியைப் பற்றி அவன் மனைவியரே அமெரிக்க அதிகாரிகளிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வைக்கோல் போதவில்லை என்பதால் ஊசி கிடைக்காமல் போகவில்லை. வைக்கோல் மலையைக் கொட்டிக்கொண்டே போனால் ஊசி தேடுகிறவனுக்குத்தான் கஷ்டம். வாரண்ட் கேட்டால் நேரம் வீணாகும் என்பார்கள். அவசரம் என்றால் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கலாம் என்று அந்த 212-212 திருத்தத்திலேயே விலக்கு இருந்தது.

சரி, இதெல்லாம் அமெரிக்கர்களுக்கான சண்டை, நமக்கு என்ன? வாரண்ட் திருத்தம் ஜெயித்திருந்தாலும் நம்மைக் காப்பாற்றியிருக்காது, உண்மைதான். நம்மை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு செய்தி. 2014 ஜூன் கடைசியில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட ஆவணப்படி, 2010ல் அந்த ரகசிய நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பட்டியலில் வெளிநாட்டு அரசியல் அமைப்புகள் என்று ஆறு இருந்தன. அதில் ஒன்று பாரதிய ஜனதா கட்சி. அன்றைக்கு அது எதிர்க்கட்சி, செய்தி வரும்போது ஆளும் கட்சி. டெல்லியில் அமெரிக்கத் தூதரக அதிகாரியைக் கூப்பிட்டு ஆட்சேபம் சொன்னார்கள். அடுத்த மாதம் வந்த ஜான் கெர்ரியிடம் சுஷ்மா ஸ்வராஜ் நேரிலும் சொன்னார். அதோடு அடங்கியது. உங்களுக்கு அந்தக் கட்சி பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். நாம் ஓட்டுப் போடும் ஒரு கட்சியின் பேச்சை இன்னொரு நாட்டு அதிகாரி கேட்கலாம் என்பது எந்தக் கட்சிக்காரனுக்கும் சுட வேண்டும்.

ஐரோப்பியர்களுக்குச் சுட்டது. அவர்களது உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில், அமெரிக்காவில் எங்கள் மக்களுக்கு முறையிட வழி இல்லை என்று சொல்லி, தகவல் பரிமாற்ற ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. வியாபாரம் நின்றுவிடும் என்றதும் அமெரிக்கா இறங்கி வந்தது. 2022 அக்டோபரில் பைடன் ஓர் உத்தரவு போட்டு, வெளிநாட்டவர் முறையிட ஒரு தனி மன்றம் வைத்தார். எந்த நாட்டவர்? அமெரிக்கா அங்கீகரித்த நாட்டவர் மட்டும். ஐரோப்பிய நாடுகள் உண்டு, பிரிட்டன் உண்டு. இந்தியா இல்லை. இத்தனை ஆயிரம் என்ஜினியர்களை அனுப்பி அவர்களது கம்பெனிகளை நடத்திக் கொடுக்கும் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டால்தானே கிடைக்கும்? அந்த மன்றமும்கூட அதிபர் உத்தரவில் நிற்பது, சட்டத்தில் நிற்பது அல்ல. இந்த விவகாரங்களைக் கவனிக்க அங்கே இருக்கும் தனியுரிமை வாரியத்தில் மூன்று உறுப்பினர்களை 2025 ஜனவரியில் டிரம்ப் நீக்கினார். மிச்சம் ஒருவர், கோரம் கிடையாது.

நம் அரசு ஏன் கேட்கவில்லை என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. கேட்டால் திருப்பிக் கேட்பார்கள். அமெரிக்காவிலாவது ஒரு சட்டம், ஒரு நீதிமன்றம், வாய் கட்டியிருந்தாலும் ஒரு குழு இருக்கிறது. நம் உளவுத்துறையான ஐ.பி.க்கும், 1968ல் தொடங்கிய ‘ரா’வுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே கிடையாது. அவர்களை விசாரிக்க நாடாளுமன்றக் குழுவும் கிடையாது. ஒட்டுக்கேட்பு உத்தரவில் கையெழுத்திடுபவர் உள்துறைச் செயலாளர், சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலாளரும் வேறு இரண்டு செயலாளர்களும். அத்தனை பேரும் அதிகாரிகள். அண்ணன் எழுத, தம்பி சரிபார்க்க. 2011ல் மணீஷ் திவாரி இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், காலாவதியானது. 2017ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பிறகும் நிலைமை இதுதான். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

2024ல் கீழவையும் மேலவையும் அந்தச் சட்டத்தை நிறைவேற்றி, கெடு முடிந்த நள்ளிரவை ஒட்டி அதிபரிடம் அனுப்பிப் புதுப்பித்தது இரண்டே வருஷத்துக்கு. 2026 ஏப்ரலில் மறுபடி கெடு வைத்துக்கொண்டார்கள். வாரண்ட் திருத்தத்தில் யார் எந்தப் பக்கம் ஓட்டுப்போட்டார்கள் என்ற பட்டியல் ரகசியம் இல்லை, கீழவையின் பதிவேட்டில் பெயர் பெயராக இருக்கிறது. இந்தப் பதிவைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அங்கே ஓட்டுரிமை உள்ள மகனோ மகளோ மருமகனோ இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பல் முளைத்ததைக் கேட்ட பிறகு இதையும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்: உன் தொகுதிக்காரர் அந்த 212ல் எந்த 212?